பறந்தால் காகிதம், விழுந்தால் அட்டை

துறைமுகக் கிடங்கில் தன் சரக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, "இது பேப்பர் சார்" என்று அச்சகக்காரர் சொன்னார். சுங்க மதிப்பீட்டாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அவரைக் கனிவோடு பார்த்தார்.

"அது உங்க அபிப்பிராயம்" என்றார்.

அச்சகக்காரர் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிறவர். கடை திறப்பு நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, 'நாய்க்குட்டி காணவில்லை' என்று சுவரில் ஒட்டும் துண்டுத்தாள் என அவர் கையில் ஓடாத தாள் இல்லை. காகிதத்தைக் காகிதம் என்று சொல்ல ஒரு அபிப்பிராயம் வேண்டியிருக்கும் என்று அவருக்கு அதுவரை தோன்றியதில்லை.

மதிப்பீட்டாளர் பொறுமையாக விளக்கினார். "சட்டத்துல ரெண்டே ரெண்டு இனம்தான். ஒண்ணு காகிதம், இன்னொண்ணு அட்டை. ஒரு சதுர மீட்டர் இருநூத்தி இருபத்தஞ்சு கிராம் வரைக்கும் காகிதம். அதுக்கு மேல ஏறினா அட்டை. காகிதத்துக்குப் பேருக்கு ஒரு வரி. அட்டைன்னா ஆறு மடங்கு."

"இது இருநூத்தி இருபதுதான் சார். கட்டு மேலேயே அச்சடிச்சிருக்கான் பாருங்க."

"அச்சடிச்சவன் இந்த நாட்டுக்கு வந்திருக்கானா?"

"இல்லை."

"அப்புறம்?"

ஒரு தாளைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து கூரை ஒழுகும் கிடங்கில் கடற்காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்த தாள் அது. இருநூற்று இருபத்தாறு என்றது.

"சரக்கு உங்க பேச்சைக் கேக்கல" என்றார் மதிப்பீட்டாளர்.

ஆறு மடங்கு வரி கட்ட அச்சகக்காரரால் ஆகாது. கட்டாவிட்டால் சரக்கு ஏலத்துக்குப் போகும். போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. ஏனென்றால் அந்த நான்கு கட்டுத் தாளும் அவருடைய மனைவியின் புத்தகத்துக்காக வந்தவை.

மனைவி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர். வகுப்பறைச் சன்னல் வழியாகத் தெரிந்த பறவைகளை எல்லாம் இத்தனை வருடமும் கோட்டுப் படமாக வரைந்து வைத்திருந்தார். பிள்ளைகள் வண்ணம் பூசி விளையாடுவதற்கான படங்கள். சாதாரணத் தாளில் தண்ணீர்ச் சாயம் பட்டால் ஊறிக் கிழிந்துவிடும். கனமான தாள் வேண்டும். "உன் புத்தகத்தை நான்தான் போடுவேன்" என்று கல்யாணமான புதிதில் அச்சகக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். முதல் பத்து வருடம் டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்பதை நிறுத்திய பிறகுதான் அச்சகக்காரருக்குப் பயம் வந்தது. கண்ட இடத்தில் கையேந்தித் தாளை வரவழைத்தார்.

சுங்க வேலைகளை டீச்சரின் தம்பி பார்த்துக்கொண்டான். சரக்கு விடுவிக்கும் ஏஜெண்ட் அவன். துறைமுகத்தில் அவனை 'ரப்பர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அதிகாரிக்கு முன்னாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வளைவான். விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடுவான்.

"அத்தான், கவலைப்படாதீங்க. லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றான் ரப்பர். "அறிவியல் பொய் சொல்லாது."

அறிவியலுக்குச் சாம்பிள் எடுக்கும் வைபவம் மறுவாரம் நடந்தது. கட்டிலிருந்து ஒரு தாளை உருவுவதற்கு ஒருவர், அவர் உருவியதைப் பார்ப்பதற்கு ஒருவர், பார்த்தவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று சான்று கொடுக்க இன்னொருவர் வந்திருந்தார்கள். உறைக்குள் போடப்பட்ட தாள் ஒரு பைக்குள் போனது, பை பெட்டிக்குள் போனது, பெட்டிக்கு அரக்கு வைக்கும்போதுதான் உறையில் கையெழுத்து வாங்கவில்லை என்று தெரிந்தது. மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு சொட்டு அரக்கு தாளிலேயே விழுந்து எடை கூடியது. அதைச் சுரண்டியதில் தாளும் கொஞ்சம் பிய்ந்து எடை குறைந்தது. வரவும் செலவும் சரியாகிவிட்டதாகக் குறித்துக்கொண்டு மூவரும் கலைந்தார்கள்.

அச்சகக்காரரையும் ரப்பரையும் ஆய்வகத் தலைவி அன்போடு வரவேற்றார். காகிதத்தைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் தழுதழுத்தது.

"காகிதமும் மனுஷங்க மாதிரிதான் சார். வந்ததும் வராததுமா நிறுத்தா உண்மையான எடையைச் சொல்லாது. உலகத் தரம்னு ஒண்ணு இருக்கு. சொன்ன குளிர்ல, சொன்ன ஈரப்பதத்துல, ஒரு ரூம்ல உக்கார வச்சு, அது ஆசுவாசப்பட்ட அப்புறம்தான் தராசுல ஏத்தணும்."

அந்த அறையைக் காட்டினார். கண்ணாடிக் கதவு, கண்ணாடிச் சுவர், உள்ளே சில்லென்ற காற்று, சுவரில் ஈரப்பதம் காட்டும் முள். நடுவில் ஒரு மேசை மேல் அச்சகக்காரரின் தாள் தனியாகப் படுத்திருந்தது. அவருக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. மூவரும் வெளியே காத்திருந்தார்கள். காலையில் முதல் முறை நிறுத்தபோது இருநூற்று இருபத்தொன்று. ரப்பர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"பொறுங்க. மூணு தடவை எடுத்தாத்தான் முடிவு" என்றார் தலைவி.

மதியம் மணி அடித்தது. வளாகத்தின் நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்து அந்தக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்கள். தாளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து மூடிகளைத் திறந்தார்கள். ஆவி எழுந்தது. யாரோ ஒருவர் ஜோக் சொல்ல, முப்பது பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்ணாடிச் சுவர் உள்பக்கமாக வியர்த்தது. முள் மெல்லக் கிளம்பிப் போய் மறுகோடியில் நின்றது.

"என்னம்மா இது?" என்றார் அச்சகக்காரர்.

"மொத்த ஆபீஸ்லயும் ஏசி ஓடுற ரூம் இது ஒண்ணுதான் சார். தரம் முக்கியம்தான். அதுக்காக மனிதாபிமானத்தை விட்டுட முடியுமா?"

"சாப்பிடுற நேரம் மட்டும் தாளை எடுத்து வெளியே வச்சிரலாமே?"

தலைவி அவரை அதிர்ச்சியோடு பார்த்தார். "வெளியே வச்சா தரம் போயிடும் சார்."

சாப்பாட்டுக்குப் பிறகு நிறுத்ததில் இருநூற்று இருபத்தெட்டு வந்தது. சாயங்காலம் இருநூற்று இருபத்தைந்தில் வந்து நின்று, மேலேயும் கீழேயும் ஆடிக்கொண்டிருந்தது. தலைவி மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த லேபை நான் பொறுப்பெடுத்த நாள்லேர்ந்து எங்க ரிசல்ட் தப்புன்னு ஒருத்தரும் நிரூபிச்சதில்லை" என்றார் பெருமையோடு.

"எப்படி மேடம் அது?" என்று ரப்பர் பவ்யமாக வளைந்து கேட்டான்.

"எல்லா ரிசல்ட்டையும் கொடுத்துடுவோம்."

'காலையில் காகிதம். மதியத்தில் அட்டை. மாலையில் காகிதமாகும் போக்கு தென்படுகிறது' என்றிருந்த அறிக்கையை மதிப்பீட்டாளர் இரண்டு முறை படித்தார். அவருடைய அறை இரண்டாவது மாடியில் இருந்தது. சன்னலுக்கு வெளியே சுங்க வளாகத்தின் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் சாலை.

"அரசாங்கத்துக்கிட்ட நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுற சரக்கு நல்ல சரக்கா இருக்க முடியாது" என்றார். "பரவாயில்ல. மடிப்புச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. மடிச்சா மடங்கணும், அது காகிதம். விரிசல் விட்டா அட்டை. என் கையாலயே பண்ணிடுறேன்."

புதிதாக ஒரு சாம்பிள் தாளை எடுத்து நடுவில் மடித்தார். விரிசல் விடவில்லை. ஒரு மடிப்பு போதுமா என்று விதிமுறையில் தேடினார். எத்தனை மடிப்பு, எந்த வாக்கில் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த வாக்கில் மடித்தார். இரண்டு மூலைகளையும் உள்ளே மடக்கினார், மறுபடி மடக்கினார், நகத்தால் நன்றாக நீவினார், இரண்டு பக்கமும் இறக்கையை விரித்தார். அவருக்குத் தெரிந்த மடிப்பு அது ஒன்றுதான். கையில் கூர்மூக்கோடு ஒரு காகித விமானம் வந்து நின்றது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

விமானம் சன்னலைத் தாண்டி மிதந்தது. மரக்கிளையை உரசாமல் ஒதுங்கி, மதிலுக்கு மேலே ஒரு முறை தலையைத் தூக்கி, சாலையில் மணல் ஏற்றிப் போன திறந்த லாரிக்குள் அலுங்காமல் இறங்கியது. லாரி இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது. அதுவரை மதிப்பீட்டாளரின் முகத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிரிப்பு இருந்தது.

"பறந்திருச்சு சார்" என்றார் அச்சகக்காரர் மகிழ்ச்சியோடு. "அப்போ பேப்பர்தானே?"

மதிப்பீட்டாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "வரி கட்டாத சரக்கு மதிலைத் தாண்டிருச்சு" என்றார். "இதுக்குப் பேர் கடத்தல்."

"நீங்கதானே சார் விட்டீங்க?"

"நான் சோதிச்சேன். தாண்டினது அது. அதோட சொந்தக்காரர் நீங்க."

அன்று சாயங்காலம் ரப்பர் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விரலை விட்டு எண்ணினான்.

"அத்தான், இதுல ஒரு வழி இருக்கு. சரக்கு அட்டைன்னு ஒத்துக்குங்க. அட்டை பறக்காது. பறக்காததை எப்படிக் கடத்த முடியும்? கேஸ் நிக்காது."

"அட்டைன்னா ஆறு மடங்கு வரிடா."

"சரி, அப்போ பேப்பர்னே சொல்லுங்க. வரி போயிடும்."

"கடத்தல்?"

"உள்ள போக வேண்டியிருக்கும்" என்று ரப்பர் ஒத்துக்கொண்டான். "ஆனா உண்மையைச் சொல்லிட்டு உள்ள போனார்னு நல்ல பேர் இருக்கும்."

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் சிரித்தார். ஆரம்பித்த சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டார். அச்சகக்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"உன் புக்கு இப்படி ஆயிடுச்சேம்மா" என்றார்.

"புக்கு வராட்டி பறவைங்கல்லாம் வேலையை விட்டுடுமா என்ன? அதுங்க பாட்டுக்குப் பறந்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "விசாரணைக்கு நானும் வர்றேங்க."

டீச்சர் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் அச்சகக்காரருக்குப் பாரம் குறைந்திருக்கும்.

விசாரணை, சுங்க ஆணையரின் கூடத்தில் நடந்தது. மேல்மாடி, ஒரு பக்கம் முழுக்க சன்னல்கள். ஆணையர் வந்து அமர்ந்து, தொண்டையைச் செருமி, எல்லா விசாரணைக்கும் சொல்லும் முன்னுரையைச் சொன்னார்.

"உலகத்துல பொருள்னு இருக்குறதெல்லாம் தான் என்னன்னு தானே முடிவு பண்ண ஆரம்பிச்சா, நாமெல்லாம் எதுக்கு? ஒரு நாற்காலி தன்னை நாற்காலின்னு சொல்லிக்கலாம். நாங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் அது நாலு கால் உள்ள ஒரு சந்தேகம், அவ்வளவுதான். இந்தத் துறை யாரையும் தண்டிக்க இல்லை. எங்களுக்குத் தேவை உறுதி. உறுதி கிடைக்கிற வரைக்கும் சரக்கு எங்ககிட்ட இருக்கும். சில சரக்கு எங்ககிட்ட முப்பது வருஷமாப் பத்திரமா இருக்கு."

மதிப்பீட்டாளர் எழுந்து, பறந்ததால் அது காகிதம், தாண்டியதால் அது கடத்தல் என்றார். ஆய்வகத் தலைவி எழுந்து, மதியத்தில் பறக்கவிட்டிருந்தால் பறந்திருக்காது என்று ஆட்சேபித்தார். அச்சகக்காரரைப் பேசச் சொன்னபோது அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் எழுந்தார்.

"ஐயா, பறந்தது ஒரே ஒரு தாள். ஒரு பிள்ளை நல்லா ஓடினா வகுப்பே ஓடும்னு நாங்க எழுதுறதில்லை. அந்த ஒண்ணை வச்சு இவரைக் கடத்தல்காரர்னு சொல்றது நியாயமா?"

அவர் கேட்டது கணவருக்காகத்தான். ஆனால் அந்தக் கேள்வி ஆணையரின் உள்ளே எங்கேயோ போய் இறங்கிவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அம்மா சொல்றது ரொம்பச் சரி" என்றார். "ஒண்ணைச் சோதிச்சா ஒண்ணுக்குத்தான் உறுதி. நூத்துக்கு நூறு உறுதி வேணும்னா நூத்துக்கு நூறு சோதிக்கணும். நாலு கட்டையும் மேல கொண்டு வாங்க."

லிஃப்ட் ஓடவில்லை. கட்டுகளைத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அதற்குள் கூடத்தில் கருத்து வேறுபாடு முற்றியிருந்தது. கூர்மூக்கு மடிப்புத்தான் முறையானது என்றார் மதிப்பீட்டாளர். உலகத் தரப்படி அகல இறக்கைதான் என்றார் ஆய்வகத் தலைவி. இதற்கு முன்னுதாரணம் இல்லாததால், பாதிக்குப் பாதி என்று ஆணையர் தீர்ப்பளித்தார். அச்சகக்காரருடைய இயந்திரம் சின்னது என்பதால் தாள்கள் ஏற்கெனவே சின்ன அளவில் வெட்டித்தான் வந்திருந்தன. மடிக்க வாகாக இருந்தது.

முதல் அரைமணி நேரம் பயபக்தியோடு போனது. ஒவ்வொரு விமானத்தையும் ஒருவர் விட, ஒருவர் பார்க்க, ஒருவர் சான்று சொன்னார். கட்டுகளின் உயரத்தைப் பார்த்த ஆணையர், மற்ற பிரிவுகளிலிருந்தும் ஆள் அழைக்கச் சொன்னார். கணக்குப் பிரிவு வந்தது, தபால் பிரிவு வந்தது, கோப்புகளைத் தேடும் பிரிவு கோப்புகளைத் தேடுவதை நிறுத்திவிட்டு வந்தது. சன்னலுக்கு நாலு பேராக நின்றார்கள். தட்டச்சு செய்யும் அம்மா விட்ட விமானம் மூன்று குட்டிக்கரணம் போட்டுப் போனபோது மொத்தக் கூடமும் கைதட்டியது. முழங்கால் வலிக்காகப் பத்து வருடமாக மாடி ஏறாத கண்காணிப்பாளர் மாடி ஏறி வந்து, தன் முறைக்காக வரிசையில் நின்றார். ஆணையர் யாரும் பார்க்காதபோது ஒன்று விட்டார். அது போதாமல் எல்லோரும் பார்க்கும்போதே ஒரு கட்டு விட்டார். அன்று மதியம் மணி அடித்தும் கண்ணாடி அறைக்கு யாரும் சாப்பிடப் போகவில்லை.

அச்சகக்காரர் ஒரு மூலையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "என் கட்டு போச்சே" என்று அவர் முனகியது டீச்சருக்குக் கேட்டது. டீச்சர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காற்று கடலிலிருந்து சாலைப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எங்கேயும் போகலைங்க" என்றார். "எந்திரிங்க. கீழே போலாம். தம்பி, சாக்கு ஏதாவது கிடைக்குமா பாரு."

சாலை முழுக்க வெள்ளையாக இருந்தது. பஸ் நிறுத்தத்துக் கூரையில், மின்கம்பிகளில், சாக்கடை ஓரத்தில் எல்லாம் விமானங்கள். மேலே இருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள், வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் பொறுக்கிக் கொடுத்தார்கள். சுங்க வாசல் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எடுக்கலாமா?" என்று ரப்பர் அவர் முன்னால் வளைந்தான்.

"கேட் வழியா போறதைத்தான் நான் பார்க்கணும் தம்பி" என்றார் காவலாளி. "மேல வழியா போறதுக்கு ஆளே போடலை."

சாக்குகள் நிரம்பின.

அடுத்த வாரம் ரப்பர் உத்தரவை வாங்கிவந்து அச்சகத்தில் உரக்கப் படித்துக் காட்டினான். பறந்தவை காகிதம், பறக்காமல் வளாகத்துக்குள்ளேயே விழுந்த ஒரு கையகலக் கட்டு மட்டும் அட்டை. இரண்டுக்கும் அதனதன் வரி. கடத்தல் புகாரைப் பொறுத்தவரை, தாள்களை மதிலுக்கு வெளியே கொண்டு சென்றது காற்று என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. காற்றுக்கு நோட்டீஸ் அனுப்ப விலாசம் கிடைக்காததால் கோப்பு மூடப்படுகிறது.

"ஜெயிச்சிட்டோம் அத்தான்" என்றான்.

அச்சகக்காரர் ஒரு தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஒரு மடிப்பு, இரண்டு பக்கமும் சாய்வாக நாலு மடிப்பு. கனத்த தாளில் விழுந்த மடிப்பு கல்லில் விழுந்த கோடு மாதிரி. இஸ்திரி போட்டுப் பார்த்தார். தாள் அப்பளமாகச் சுருண்டது. ஈயக்கட்டிகளைப் பாரம் வைத்துப் பார்த்தார். மடிப்பு அழுந்தியதே தவிர அழியவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"குப்பைக்கு வரி கட்டியிருக்கேன்" என்றார்.

டீச்சர் ஒரு தாளை எடுத்தார். அதில் மடிப்புகள் ஏற்கெனவே இருந்ததால் மடிப்பதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தாள் தானாகவே மடங்கி அவர் கையில் இறக்கை விரித்தது.

"இதை ஏங்க அழிக்கிறீங்க?" என்றார். "இது மேலேயே படத்தைப் போடுங்க. பிள்ளைங்க வண்ணம் பூசட்டும். காஞ்சதும் மடிப்புப் போற வழியில மடிக்கட்டும்."

அச்சகக்காரர் நிமிர்ந்தார்.

அவருடையது கையால் ஒவ்வொரு தாளாகக் கொடுக்கும் பழைய இயந்திரம். நடு மடிப்பு பறவையின் முதுகோடு சேரும்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தார். டீச்சர் தாள்களை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மதிப்பீட்டாளர் கட்சியின் கூர்மூக்குத் தாள்களில் மீன்கொத்தியும் தகைவிலானும் ஏறின. ஆய்வகக் கட்சியின் அகல இறக்கைத் தாள்களில் பருந்தும் கொக்கும் ஏறின. சட்டப்படி அட்டையானவை மேலட்டை ஆயின. முதல் பிரதியை அச்சகக்காரர் மனைவியின் கையில் கொடுத்தார். டீச்சர் புத்தகத்தைத் திறந்து, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, "மை இன்னும் காயலை" என்றார்.

புத்தகம் நன்றாகவே ஓடியது. பள்ளிக்கூடங்களில் கூரை மேல் ஏறிய பறவைகளை எடுக்க ஏணி வாங்கினார்களாம்.

ஒரு விடுமுறை நாளில் மதிப்பீட்டாளர் அச்சகத்துக்கு வந்தார். அச்சகக்காரர் முதலில் வரி ரசீதைத் தேடினார். ஆனால் வந்தவர் கையில் புத்தகத்தின் ஒரு பிரதி இருந்தது, மகளுக்காக வாங்கியதாம். ஒரு மீன்கொத்தியை எடுத்து டீச்சரின் மேசை மேல் வைத்தார். பாப்பா அதற்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தாள்.

"எப்படி விட்டாலும் இடது பக்கமே சாயுது. பாப்பா அழறா" என்றார்.

"தப்பா நினைக்காதீங்க சார், நீங்க மடிச்ச தாளா இருக்கும்" என்றார் டீச்சர்.

மதிப்பீட்டாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மீன்கொத்தியைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக ஆராய்ந்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது என் மடிப்பு இல்லைம்மா" என்றார். "ஆணையரோடது."